மூன்று பேர் சொன்ன சேதி

ராயபுரத்தில் ஞானத்தைப் பத்திரிகைக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் எழுதிய பத்திரிகை மண்ணோடு மண்ணாகிப் பல வருஷம் ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் குத்திக் காட்டுவதற்காகக் கூப்பிட்டார்கள், மீதிப் பேர் பழக்கதோஷத்தில் கூப்பிட்டார்கள். ஞானத்தின் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, மாமாவின் மளிகைக் கடையில் புளியும் மிளகாயும் நிறுத்துக்கொண்டிருந்தவன் அவன். எழுத்துப் பைத்தியம். ‘துறைமுகத் தூதன்’ என்ற வாரப் பத்திரிகைக்கு ராயபுரத்துச் செய்திகளை எழுதி அனுப்புவான். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, மாதா கோயில் தேர் நல்லபடியாக நடந்தது, இவ்வளவுதான். என்றைக்காவது முதல் பக்கத்தில் வருகிற மாதிரி ஒன்று சிக்காதா என்ற நப்பாசை மட்டும் தராசுத் தட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தே இருந்தது.

சிக்கியது நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய காலம். ஓட வழியில்லாதவர்கள் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு மிஞ்சியிருந்தார்கள். அப்போதுதான் துறைமுகக் கூலி வேலப்பன் கடைக்கு வந்து, எண்ணெய் டின் மேல் சாய்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தினான். அடுத்த தெருத் தாவூது பாயைப் பற்றித்தான் பேச்சு. பாய் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். மாடியில் பந்தயப் புறா வளர்த்தார். வேலப்பனும் புறாக்காரன்தான், அவருக்குத் தோஸ்து.

“பாயி புறா காலங்காத்தால கடலு பக்கமா போவுது. கால்ல இன்னாவோ கட்டிகீது. எந்தக் கப்பலு எப்ப கெளம்புதுன்னு வின்ச்சு ஓட்றவனுக்குத் தெரியாதா? என் பேரை மட்டும் இதுல இஸ்துடாத நைனா” என்றான்.

ஞானம் கர்த்தர் பெயரால் சத்தியம் செய்து கொடுத்தான்.

ஒரு வாய்ச் சொல்லை நம்பி எழுதக்கூடாது என்கிற அளவுக்கு அவனுக்கு அறிவு இருந்தது. டீக்கடைக்காரரை விசாரித்தான். ஆமாம், நானும் கேள்விப்பட்டேன் என்றார். மூட்டை தூக்குகிற ஒருத்தனை விசாரித்தான். அவனும் அதையே சொன்னான். யாரிடம் கேள்விப்பட்டாய் என்று இருவரையும் இவன் கேட்கவில்லை. மூன்று பேர் ஆயிற்று, போதும். கேப்பையில் நெய் வடிகிறது என்று ஒருத்தன் சொன்னால் சிரிக்கிறோம், மூன்று பேர் சொன்னால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்.

தாவூது பாயை மட்டும் அவன் விசாரிக்கவில்லை. கேட்டால் உளவாளி உஷாராகிவிடுவான் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டான். பாய் ஒரு வார்த்தையில் பதில் சொல்லி, முதல் பக்கம் கையை விட்டுப் போய்விடுமோ என்பதுதான் உள்ளே இருந்த பயம். இத்தனைக்கும் பாய் வாரத்தில் பாதி நாள் அவன் கடைக்கே வந்து சாமான் வாங்குகிறவர்.

‘பெயர் வெளியிட விரும்பாத நம்பகமான பலர் கூறுவதாவது’ என்று தொடங்கிச் செய்தி வந்தது. தாவூதின் பெயரும் தெருவும் கொட்டை எழுத்தில் வந்தன. மறுநாளே போலீஸ் வந்தது. கூண்டுகளை உடைத்தார்கள், கைக்கு அகப்பட்ட புறாக்களின் கழுத்தைத் திருகினார்கள், பாயை வண்டியில் ஏற்றினார்கள். யுத்தக் காலச் சட்டம். விசாரணையும் இல்லை, வக்கீலும் இல்லை.

அந்த வாரம் டீக்கடையில் ஞானத்துக்கு இலவச டீ கிடைத்தது. ராயபுரத்தில் எல்லாப் புறாவின் காலிலும் நூல் இருக்கும், இல்லாவிட்டால் யார் புறா எது என்று எப்படித் தெரியும் என்று கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். வழி தவறி ஒருவர் கூண்டில் இறங்கிய புறா அந்தக் கூண்டுக்காரருக்கே சொந்தம் என்பது புறாக்காரர்கள் வழக்கமாம். வேலப்பனின் ஜோரான புறா பாய் கூண்டில் இறங்கிவிட்டதாம். திருப்பிக் கேட்டதற்கு, வழக்கம் வழக்கம்தானே என்று பாய் சிரித்தாராம். அந்த ஆத்திரத்தில்தான் வேலப்பன் பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தான், எனக்கும் மூட்டைக்காரனுக்கும் அவன்தான் சொன்னான் என்று முடித்தார். ஞானம் டீயைக் கீழே வைத்தான். மூன்று வாய் என்று அவன் எண்ணியது ஒரே வாய்தான்.

ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்லும்படி அவரைக் கெஞ்சினான். போலீஸ் என்றதும் கடைக்காரர், நான் எங்கே அப்படிச் சொன்னேன் என்று கையை விரித்தார். கொஞ்ச நாளில் கடையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனார். மூட்டைக்காரன் அதற்கு முன்பே ஓடியிருந்தான்.

ஞானம் வேலப்பனைத் தேடிப் போனான். அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். புறாவைத்தான் பிடுங்குவார்கள் என்று நினைத்தேன், ஆளையே கொண்டுபோவார்கள் என்று கண்டேனா என்றான். அழுது முடித்துவிட்டு, சத்தியம் பண்ணியிருக்கிறாய் என்பதையும் மறக்காமல் ஞாபகப்படுத்தினான். பத்திரிகை ஆசிரியரோ, நம் வாயாலேயே நம்மைப் பொய்யன் என்று எழுதிக்கொள்வதா, யுத்தம் முடியட்டும் என்றார். யுத்தம் முடிவதற்குள் காகிதப் பஞ்சத்தில் பத்திரிகை முடிந்துபோயிற்று. ஞானம் தனியாக ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னபோது ஒரே கேள்விதான் கேட்டார்கள். பொய் சொன்னவன் யார், பெயரைச் சொல்.

ஞானம் சொல்லவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினான், மனுஷனைக் காப்பாற்றவில்லை. கர்த்தர் இதைத்தான் விரும்பியிருப்பாரா என்று இரவும் பகலும் அரித்தது. பதில் தெரிந்துதான் இருந்தது. வேலப்பனை உள்ளே தள்ளினால் அவன் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவுக்கு வருவார்கள் என்று இன்னொரு நியாயத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

அகப்படாமல் பறந்த புறாக்கள் திரும்பி வந்தன. வீட்டை மறக்காத ஜாதி. உடைந்த கூண்டுக்கு மேல் வட்டமடித்தன, இறங்க இடம் தேடின. புறா தென்பட்டால் போலீஸ் மறுபடி வரும் என்று பயந்த பாயின் மனைவி சாபிரா, மாடியில் நின்று துணிக்கம்பால் அவற்றை விரட்டுவாள். விரட்டிக்கொண்டே அழுவாள். கடையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். ஞானம் பார்க்கக்கூடாது என்று குனிந்து சாமான் கட்டுவான். சிறகுச் சத்தத்துக்குக் குனிந்து என்ன பயன்? தூக்கத்திலும் அது கேட்டது.

வேலப்பன் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூலி வாங்கியதும் முதல் வேலையாக அந்த வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்ப் போட்டான். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். சாபிரா அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அந்த அரிசி ஞானத்தின் கடையில் வாங்கியது. இரண்டு பேரும் முகத்தைப் பார்க்காமல் நிறுத்தார்கள், வாங்கினார்கள்.

யுத்தம் தணிந்ததும் பாயை விட்டார்கள். இருமலோடு வந்தார். துறைமுகத்துக்குள் நுழைய மறுபடி பாஸ் கிடைக்கவில்லை. வின்ச் ஓட்டிய கை கட்டைவண்டி இழுத்தது. கடைக்கு வந்தார், உப்பு கேட்டார், வாங்கிக்கொண்டு போனார். ஏன் எழுதினாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டு ஒரு அறை விட்டிருந்தால் ஞானம் பிழைத்திருப்பான்.

ஐம்பத்தொன்றில் துறைமுகத்தில் பஞ்சுப் பொதி சரிந்து வேலப்பன் செத்துப்போனான். சுடுகாடு வரைக்கும் தாவூது பாய் விம்மிக்கொண்டே நடந்தார். பின்னால் வந்த ஞானத்துக்கு அதைப் பார்க்க முடியவில்லை. செத்தவனுக்குக் கொடுத்த சத்தியம் இனி எதற்கு என்று தீர்மானித்தான். உண்மைக்காக என்று நினைத்துக்கொண்டான். சுமையை இறக்கி வைக்க அவனுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, அதுதான் விஷயம்.

கல்மண்டபத்துப் பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில் பாயைப் பிடித்தான். முதலில் தன் தப்பைச் சொன்னான். பிறகு வேலப்பன் பெயரைச் சொன்னான். மற்ற இருவரும் அவன் சொன்னதைத்தான் சொன்னார்கள் என்றான், இறங்கிய புறாவைப் பற்றியும் சொன்னான். பாய் வண்டிக் கட்டையில் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டார்.

“அந்தப் புறாவா?” என்றார். “அன்னிக்கு சாயங்காலமே அவன் வூட்டுக்கு எட்தும்போயி நானே குட்த்துட்டனே. சும்மா வெளையாட்டுக்குதான் தரமாட்டேன்னேன்.”

வேலப்பன் இதை ஞானத்திடம் சொன்னதே இல்லை.

“நான் உள்ள கெடக்கசொல்ல என் புள்ளைங்களுக்கு சோறு போட்டவன் அவன். அப்போ பேரில்லாத மூணு பேரு சொன்னாங்கன்னு எழுதினே. இப்போ பேரு சொல்றே, ஆளு இல்ல. யாராண்ட போயி கேக்கறது நானு?”

“கர்த்தர் சாட்சியாச் சொல்லுதேன் பாய், இது நெசம்.”

தாவூது பாய் எழுந்தார். கோபம் இல்லை. சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தார்.

“அப்பவும் நெசம்னுதான் நைனா எழுதினே” என்றார்.

வண்டியை இழுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஞானம் அங்கேயே நின்றான். அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே பெரிய உண்மை அது, அதற்குச் சாட்சி சொல்ல ஊரில் ஒருத்தரும் இல்லை.