ஏரிக்கரையில் ஒரு நிமிஷ இங்கிலீஷ்

பேம்... பேம்... என்று ஏரி முழுக்கக் கேட்கும் அந்த மீன்காரரின் ஆரன். வண்டி வளைவு திரும்பும் முன்பே சத்தம் வந்துவிடும்.

அப்போது என் பேத்தி ரேவதி ஒன்பதாவது படித்தாள். இங்கிலீஷ் டீச்சர் பிள்ளைகளுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார். ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒரு நிமிஷம் இங்கிலீஷில் பேசி அனுப்ப வேண்டும். ரேவதி மட்டும் ஒரு வாரம்கூட அனுப்பவில்லை. வகுப்பிலும் வாய் திறக்க மாட்டாளாம்.

எங்கள் வீடு ஒரே அறை. டிவி, குக்கர், பக்கத்து வீட்டுச் சண்டை... எல்லாம் பதிவாகிவிடும் என்று அவளுக்கு வெட்கம். அதனால் அவள் அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு பாகூர் ஏரிக்கரைக்குப் போனோம்.

அவள் மரத்தடியில் நின்று பேசினாள். நான் கொஞ்சம் தள்ளி நடுரோட்டில் கையை நீட்டி நின்றேன். டிராக்டர்காரர் இஞ்சினையே அணைத்துவிட்டார். மாடு ஓட்டி வந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

மீன்காரர் மட்டும் நிற்கவில்லை.

"யோவ், ஆரன் அடிக்காதய்யா... புள்ள இங்கிலீஷ் பேசுது."

நான் போட்ட சத்தத்தில் ரேவதி பதறி, போனில் அழுத்தியிருந்த விரலை எடுத்துவிட்டாள். விரலை எடுத்தாலே பேசியது குரூப்புக்குப் போய்விடும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அவள் அழிப்பதற்குள் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போமாட்டேன் தாத்தா. இனிமே பேசவும் மாட்டேன்."

மீன்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"இன்னா பெருசு, புள்ளைய அழவுட்டுட்ட?"

அதற்குள் குரூப்பில் டீச்சரின் குரல் வந்தது. தாத்தா சொன்னதை இங்கிலீஷில் எப்படிச் சொல்லலாம், இந்த வாரம் அதுதான் பாடம், எல்லாரும் பேசி அனுப்புங்கள் என்றார்.

கரையிலேயே உட்கார்ந்தோம். ஒவ்வொரு குரலாக வந்தது. எனக்கு அப்போது தமிழ் எழுத்தே தெரியாது, இங்கிலீஷ் எங்கே தெரியும்... ஆனாலும் ஒன்று விடாமல் கேட்டேன். ஒருவன் மிரட்டினான். ஒருத்தி கெஞ்சினாள். என் சத்தம் இத்தனை விதமாகப் போகுமா என்று ஆச்சரியம். எல்லாவற்றிலும் "ப்ளீஸ்" என்று ஒன்று வந்தது. அது என்ன, நான் அப்படிச் சொல்லவில்லையே என்று ரேவதியைக் கேட்டேன்.

அழுகையோடே சிரித்துவிட்டாள். "நீ சொல்லல தாத்தா. நாங்க சேத்துக்கினோம்."

அவங்க என்று சொல்லவில்லை, நாங்க என்றாள்.

பிறகு போனை வாயருகே வைத்தாள். "ப்ளீஸ் அங்கிள், டோன்ட் ப்ளோ த ஹார்ன்..." மீன்காரர் தன் ஆரன் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு நின்றார்.

இப்போது ரேவதி காலேஜில் படிக்கிறாள். நானும் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டேன். அவள் அம்மாவின் போனில் அந்தப் பழைய குரூப்பைத் திறந்து, எந்தக் குரல் யாருடையது என்று பெயரைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறேன். மிரட்டியவன் பெயர் சாந்தகுமார்.

வீடு அதே ஒரே அறைதான். நேற்று அவள் போனில் யாருடனோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். டிவி சத்தத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பேசிக்கொண்டே இருந்தாள்.