மேளம் நிற்கும்வரை

லண்டன் லூயிஷாமில் மகளின் பள்ளிக்கூட விழா. மேடையில் சிங்களப் பிள்ளைகள் கண்டிய நடனம் ஆட, ஒருவர் இடுப்பில் கட்டிய மேளத்தை இரண்டு கைகளாலும் அடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ரசித்தார்கள். எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் தம்பி, ஷிப்ட் முடித்து வந்த அலுப்பில், அந்தச் சத்தத்திலும் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா, காலை ஆட்டாதேங்கோ," என்றாள் மகள்.

கண்டியில் எங்கள் பக்கத்து வீட்டுக் குணபால மாமா சிங்களவர்; நடனம் பழக்குபவர். தமிழர் வீடுகளைத் தேடிக் கலவரம் எங்கள் தெருவுக்கு வந்த பின்னேரம், அவர் எங்களை இழுத்துப்போய், சிலம்புகளும் ஆட்ட உடுப்புகளும் தொங்கிய உள்ளறையில் வைத்துப் பூட்டினார். அறை முழுக்க மேளத்தோல் மணம். கைக்குழந்தையாக இருந்த தம்பி வீரிட்டான். அம்மா கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்; நான்தான் அவன் வாயைப் பொத்தினேன். கூட்டத்தின் குரல் நெருங்கியதும் மாமா முன்னறையில் தன் பிள்ளைகளை ஆடவிட்டு மேளத்தை எடுத்தார். அழுகை அதற்குள் மறைந்தது. வாசலில் யாரோ அதட்டினார்கள். மாமா அடிப்பதை நிறுத்தவில்லை. தம்பி அப்படியே என் மடியில் தூங்கிப்போனான். மேளம் நின்றால் விழித்துவிடுவானே என்று நான் பதறிக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் மேளம் சட்டென்று நின்றது. தம்பி திடுக்கிட்டுக் கண் விழித்தான். என் கை அவன் வாயைப் பொத்தியிருந்தது.

"என்னக்கா?" என்று கையை விலக்கினான்.

"ஒண்டுமில்லை. இன்னொருக்கா அடிப்பினம்தானே?"