எண்பது கிலோவுக்குள் ஒரு குதிரைச் சவாரி

பங்குனி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் அழைத்தாள். அவள் கிர்கிஸ்தானில் மருத்துவம் படிக்கிறாள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு பிள்ளை இப்படி ஏதாவது ஒரு குளிர் நாட்டில் படிப்பதால் இதைச் சொன்னால் யாரும் வியப்பதில்லை. வியப்பு அவள் அன்று சொன்ன செய்தியில் இருந்தது.

"அம்மா, எனக்கு இதுதான் கடைசி வருசம். ஊருக்கு வந்துட்டா பரீட்சை, வேலைன்னு ஒரு நாளும் ஒழியாது. ஆடியில நீயும் அப்பாவும் இங்க வாங்க. மலைக்கு மேல ஒரு ஏரி இருக்கு. மூணு நாள் குதிரையிலயே போயிட்டு வருவோம்."

"குதிரையிலயா?"

"ஆமா. நானும் நீயும் பக்கத்துப் பக்கத்துல."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தி, அறுபது வயதில் ஓய்வு பெறப்போகிறவள் நான். எத்தனையோ மன்னர்களைக் கரும்பலகையில் குதிரை ஏற்றியிருக்கிறேன். ஒரு குதிரையின் முதுகை இந்தக் கையால் தொட்டதில்லை. யோசிக்காமல் "வாரேன்" என்றேன்.

"ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத. எண்பது கிலோவுக்கு மேல இருந்தா குதிரையில ஏத்த மாட்டாங்க. எடை போட்டுப் பாப்பாங்க. கூடுனா ஜீப்புல சுத்துப் பாதையா வந்துறணும்."

"நான் எண்பதுக்குள்ளதான் இருப்பேன்."

அவள் உடனே ஏரித் தண்ணீரின் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

என் கணவர் திருவரங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். மறுநாள் காலை கடைக்குப் போய், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏறி நின்றேன். எண்பத்தாறு. கடையில் நின்ற இரண்டு பேர் மரியாதைக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு அந்த மரியாதை கிடையாது.

"நாப்பத்தஞ்சு கிலோ யூரியா ரெண்டு மூட்டைக்கு நாலு கிலோதான் கொறைச்சல்" என்றார்.

"நீங்க ஏறுங்க பாப்போம்."

அவர் ஐம்பத்தெட்டு கிலோ. சாப்பிடுவதெல்லாம் எங்கே போகிறது என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்கு விளங்கியதில்லை. ஆனால் அவர் குதிரையில் ஏறப்போவதில்லையாம். "எடை கூடுனவங்களுக்கு மட்டுந்தான் ஜீப்பா, பயந்தவங்களுக்கும் உண்டான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

ஜீப் சன்னல் வழியாக மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு போவதற்கா நான் அவ்வளவு தூரம் போக வேண்டும்? இவள் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் நான் மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிறகு அவள் தூர தேசம் போய்விட்டாள். எங்கள் இருவருக்கும் மட்டுமான மூன்று நாட்கள் என்று எதையும் என்னால் நினைவிலிருந்து எடுக்க முடியவில்லை. நடந்தவற்றை எந்த மாதம் எந்தக் கிழமை என்று சொல்லக்கூடியவள் என்று வீட்டில் எனக்குப் பெயர் உண்டு. எனக்கே நினைவில்லை என்றால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் பொருள். அந்த ஆறு கிலோவை இறக்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

இரவுச் சோற்றை நிறுத்தினேன். கோயில் குளத்தைச் சுற்றிக் காலையும் மாலையும் நடந்தேன். சித்திரை முழுக்க எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. வைகாசி பிறந்ததும் பலாப்பழம் வந்துவிட்டது. ஆலங்குடிச் சாலை நெடுக, வடகாட்டுப் பக்கத்திலிருந்து வந்த பழங்களைக் குவித்து வைத்திருப்பார்கள். பேருந்துக்குள் உட்கார்ந்திருந்தாலும் மணம் உள்ளே ஏறி வரும். என் கணவர் கடையை மூடிவிட்டு வரும்போதெல்லாம் அரைப் பழம் தூக்கி வந்தார். சுளையை எடுத்து என் எதிரிலேயே தேனில் தோய்த்துக்கொண்டு, "குதிரைக்காக நீ எவ்வளவு தியாகம் பண்ற" என்பார். சொந்தக்காரர்கள் போனில் விசாரித்தார்கள். "பேரன் பேத்தியத் தூக்குற வயசுல குதிரையா மதினி?" என்றாள் என் நாத்தனார். "பேரன் பேத்தி வந்தா தூக்குறதுக்கும் இப்ப இருந்தே ஒடம்பக் கொறைச்சாத்தானே ஆகும்?" என்றேன்.

வாழ்நாளில் சேலையைத் தவிர வேறு உடுத்தாதவள், புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு கடைக்குப் போய்க் கால்சட்டை கேட்டேன். விற்கும் பெண், "பையனுக்கு என்ன சைசுங்கம்மா?" என்றாள். எனக்குத்தான் என்றதும் அவளுக்கு என்னைவிட உற்சாகம். நாலைந்தைப் போட்டுப் பார்க்க வைத்து, கண்ணாடி முன் என்னைத் திருப்பித் திருப்பி நிறுத்தி, "போலீஸ் அதிகாரி மாதிரி இருக்கீங்கம்மா" என்றாள். அந்தக் கால்சட்டையோடு மாடியில் துணி காயப்போட்டுப் பழகினேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு வாரம் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

எடை ஒரு பக்கம் இருக்கட்டும், குதிரையில் உட்காரத் தெரிய வேண்டாமா? எங்கள் மாவட்டத்தில் சவாரிக் குதிரைக்கு எங்கே போவது? பந்தயக் குதிரைகள் உண்டு. கோயில் திருவிழா, தர்கா கந்தூரி என்றால் மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கத்துச் சாலைகளில் மாட்டு வண்டிப் பந்தயமும் குதிரை வண்டிப் பந்தயமும் நடக்கும். மீமிசல் அருகே அப்படி ஒரு குதிரை வளர்ப்பவர், நீண்ட காலம் துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் மகன் என்னிடம் படித்தவன். ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை நானும் என் கணவரும் போய் நின்றோம்.

"டீச்சர், இது வண்டிக் குதிரைங்க. மேல ஆளு ஏறுனா என்ன செய்யணும்னு அதுக்கே தெரியாது" என்றார் அவர்.

"எனக்கும் தெரியாதுங்க. ரெண்டு பேரும் சேந்து கத்துக்கிறோம்."

வேறு வழியில்லாமல் இரண்டு போர்வையை மடித்து அதன் முதுகில் போட்டு, கயிற்றால் வயிற்றோடு கட்டினார். அவர் மனைவி ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து பிடித்துக்கொண்டு, "பிஸ்மி சொல்லி ஏறுங்க டீச்சர், நான் சொல்லிக்கிறேன், நீங்க ஏறுங்க" என்றார். ஏறிவிட்டேன். செம்பழுப்புக் குதிரை. உடம்பு அடுப்புமேடை போலச் சூடாக இருந்தது. காதுகள் மட்டும் பின்னால் திரும்பி என்னைக் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் கயிற்றைப் பிடித்துக் கருவேலங்காட்டை ஒட்டிய மண் பாதையில் மெல்ல நடத்தினார். போகப் போகக் கயிற்றை என் கையில் கொடுத்தார். நான் ஒரு ராணியைப் போல நிமிர்ந்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு மோட்டார் பைக் வந்தது. குதிரை பறந்தது.

பந்தயத்தில் வண்டிகளுக்குப் பின்னாலேயே பைக்குகளில் ஆட்கள் கத்திக்கொண்டு வருவார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்றுதான் இந்தக் குதிரையைப் பழக்கியிருக்கிறார்கள். நாங்கள் யாரும் அதை நினைக்கவில்லை. பதறிப்போன உரிமையாளர் என்னைக் காப்பாற்ற என்ன செய்தார்? வந்த அந்தப் பைக்கையே வாங்கி ஏறிக்கொண்டு, "டீச்சர், விட்டுறாதீங்க, விட்டுறாதீங்க" என்று கத்திக்கொண்டு துரத்தினார். குதிரைக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர் நெருங்க நெருங்க அது இன்னும் வேகம் எடுத்தது. பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "வண்டிய நிப்பாட்டுங்க! வண்டிய நிப்பாட்டுங்க!" என்று நான் அலறினேன். ஒரு வழியாக அவருக்கு விளங்கி எஞ்சினை அணைத்தார். குதிரை தானாக ஓட்டத்தைக் குறைத்து, நடந்து, நின்று, ஓரத்தில் புல் மேயத் தொடங்கியது.

மூச்சிரைக்க ஓடி வந்தவர், "மன்னிச்சிருங்க டீச்சர்" என்றார். பின்னால் வந்த என் கணவர் முகம் வெளுத்திருந்தது. எனக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. விழவில்லை! அறுபது வயதில் பந்தயக் குதிரையில் ஓடியும் விழவில்லை.

"இறங்குறியா?" என்றார் கணவர்.

"இன்னொரு தடவை போயிட்டு வாரேன். பைக்கு யாரும் எடுக்க வேணாம்."

கிளம்பும்போது குதிரைக்காரர் விமானப் பயணத்துக்கு ஒரு யோசனை சொன்னார். "கைப்பைக்கு ஏழு கிலோதான் விடுவாங்க டீச்சர். கனமானதையெல்லாம் ஒடம்புல போட்டுக்கங்க. ஆள எடை போட மாட்டான்." துபாய்க்குப் போய் வந்த எல்லோருக்கும் தெரிந்த வழியாம்.

ஆடி பிறந்த முதல் வாரம், முழங்கால் வரை வரும் பூட்ஸும் பஞ்சு வைத்த ஜெர்கினும் மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். கீரனூர் தாண்டுவதற்குள் வேர்வையில் நனைந்துவிட்டேன். அதற்கு முதல் நாள் உரக்கடைத் தராசு எழுபத்தொன்பது காட்டியிருந்தது. அந்த மகிழ்ச்சியில் வெக்கை பெரிதாகத் தெரியவில்லை. திருச்சி விமான நிலையத்தில் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். கழற்ற நான் ஒருத்தி, இழுக்க என் கணவர் ஒருவர். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் அதிகாரி ஜெர்கினைப் பார்த்துவிட்டு, "மெடிக்கல் படிக்கிற பிள்ளையப் பாக்கவாம்மா?" என்றார்.

"ஆமாங்க. குதிரை ஏறவும்."

அவர் என் கணவரைப் பார்த்தார். "நான் ஜீப்புங்க" என்றார் இவர்.

பிறகு உட்கார வைத்தார்கள். விமானம் தாமதமாம். எவ்வளவு தாமதம் என்று கேட்டால் "சற்று நேரத்தில்" என்றார்கள். வீட்டு ரசீதுக்குப் பின்னால்கூடத் தேதி எழுதி வைக்கும் எனக்கு இந்தச் சொல்லைப் போல எரிச்சல் தருவது வேறில்லை. சற்று நேரம் என்பது எந்த நேரம்? மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் வேறு வேறு காரணம் சொன்னார்கள். சற்று நேரம் மட்டும் மாறவில்லை. கடைசியில் அழைத்ததும், இருக்கை எண் கையில் இருந்தும், இடம் பிடிக்கப் போகிறவர்கள் போல எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஏன் என்று தெரியாது.

உள்ளே என் முன்னால் இருந்தவர் உட்கார்ந்த கையோடு இருக்கையை என் மடியில் சாய்த்தார். பக்கத்து இளைஞர் என் தோளில் தூங்கினார். பூட்ஸுக்குள் கால் வீங்கியது. முன்பு அரபு நாட்டிலிருந்து குதிரைகளைக் கப்பலில் ஏற்றி எங்கள் பக்கத்துக் கடற்கரைத் துறைகளில் இறக்கினார்கள் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். வாரக்கணக்கில் திரும்பவும் இடமில்லாமல் நின்றபடி வந்த அந்தக் குதிரைகளை அன்றுதான் நிஜமாக நினைத்துப் பார்த்தேன். சக்கரம் தரையைத் தொட்டதும் பாதிப் பேர் எழுந்து பெட்டியை இறக்கத் தொடங்கினார்கள். கதவு திறக்க வெகு நேரம் ஆயிற்று. அதுவரை ஒருவருடைய பை என் தலைமேல் இருந்தது.

ஷார்ஜாவில் அடுத்த விமானமும் "சற்று நேரம்". சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தார்கள்: பிரியாணி. மகளைப் போனில் அழைத்து, "எழுபத்தொம்பது!" என்றேன்.

"சூப்பர்ம்மா! உடுத்தியிருக்கிறதோட சேத்துத்தானே?"

"அப்படின்னா?"

"பூட்ஸு, ஜெர்கினு எல்லாத்தோடயும்தாம்மா எடை போடுவாங்க. மேல குளுரு, அது ரெண்டும் இல்லாம ஏத்த மாட்டாங்க."

காலில் இருப்பதும் மேலே இருப்பதும் சேர்த்தால் மூன்று கிலோவாவது தேறும். என் பிரியாணியைக் கணவர் பக்கம் தள்ளினேன். அவர் தன்னுடையதை முடித்துவிட்டு அதையும் இழுத்துக்கொண்டு, "ஒனக்காகத்தான் சாப்புடுறேன்" என்றார். அடுத்த விமானத்தில் கொடுத்த ரொட்டியையும் தொடவில்லை. பசியும் பயமும் ஒருபுறம்; மறுபுறம், விடியலில் சன்னலுக்குக் கீழே பனி மூடிய மலைகள் தெரிந்தபோது, இவ்வளவு எரிச்சலும் இதற்குத் தகும் என்று பட்டது.

மகளைக் கட்டிக்கொண்டு அழுததையெல்லாம் விட்டுவிடுகிறேன். இரண்டாம் நாள் மலையடிவாரக் கிராமத்தில், குதிரை லாயத்தின் முன் நின்றோம். நடத்துபவர் ஒரு பெண்மணி. என்னைவிடச் சற்று இளையவர், தலையில் பூப்போட்ட துணி. உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசைக் காட்டினார். ஏறினேன். முள் எண்பத்திரண்டில் நின்றது.

ஜீப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் முன் கதவைத் திறந்துவிட்டு எனக்காக நின்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. மகள் என் கையைப் பிடித்து, "பரவால்லம்மா, நானும் ஜீப்புலயே வாரேன்" என்றாள். ஜீப்பில் மூவராகப் போவது வேறு, குதிரையில் நாங்கள் இருவராகப் போவது வேறு. மூன்று நாளும் போய்விட்டது என்றே எனக்குப் பட்டது.

"அவங்ககிட்ட ஏதாவது கேளு" என்றேன். "சும்மா கேளு."

அவள் ரஷ்ய மொழியில் பேசினாள். அந்தப் பெண்மணி என்னைப் பார்க்கவில்லை. எனக்கென்று நிறுத்தியிருந்த சாம்பல் நிறக் குதிரையிடம் போய், அதன் முதுகிலிருந்த பெரிய தோல் சேணத்தை அவிழ்த்துக் கீழே போட்டார். லாயத்துக்குள்ளிருந்து வேறொன்றைக் கொண்டு வந்தார். சின்னது, மரச்சட்டத்தில் மெல்லிய கம்பளம் விரித்தது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தராசில் வைத்துக் காட்டி ஏதோ சொன்னார்.

"அம்மா, குதிரை தூக்குற மொத்தக் கனந்தான் கணக்காம். லேசான சேணம் போட்டா நீ ஏறலாமாம்." மகளின் குரல் துள்ளியது. "ஆனா அதுல மெத்தை இல்ல, மூணு நாளும் குத்துமாம். சம்மதமான்னு கேக்குறாங்க."

"மெத்தை எங்கிட்டயே இருக்குன்னு சொல்லு."

அவள் அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்து என் முதுகில் ஓங்கித் தட்டினார். என் இடது காலைப் பிடித்துச் சேணத்தில் தொங்கிய வளையத்தில் வைத்து, ஒரே உந்தில் மேலே ஏற்றிவிட்டார். மரச்சட்டம் உடனே குத்தத் தொடங்கியது. குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டது. மகள் தன் குதிரையை எனக்குப் பக்கத்தில் கொண்டு வந்தாள். அவள் முழங்கால் என் முழங்காலில் உரசியது. முன்னால் பச்சைச் சரிவு, அதற்கு மேலே வானம்.

"பாத்துப் போ! மெதுவாப் போ!" என்று ஜீப்பிலிருந்து கத்தினார் என் கணவர்.

நான் திரும்பவில்லை. நான் திரும்பினால் குதிரையும் திரும்பிவிடுமோ என்று பயமாக இருந்தது.