சத்தம் குறைந்தால் பழைய எஞ்சின்

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். பாலமுனையில் இந்த வீட்டையும் சுற்றிவர உள்ள வளவையும் வாப்பா என் பெயருக்கு எழுதித் தந்தார். இருபத்தாறு வருடத்துக்கு முன் மாப்பிள்ளையாக உள்ளே வந்த மீராமுகைதீனுக்குச் சொந்தமென்று ஒரு பழைய லொறி மட்டும் இருந்தது. இன்றைக்கும் அது மட்டும்தான் இருக்கிறது. நான் ஏசத் தொடங்கினால் எழும்பிப்போய் லொறிக்குள் ஏறி இருந்துகொள்வார். என் வளவுக்குள் அவருக்கென்று இருந்த இடம் அதுதான்.

வெள்ளாமை வெட்டுக் காலத்தில் அக்கரைப்பற்று மில்லுகளுக்கு நெல் ஏற்றுவார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நான் பாயில் சரிந்து கிடப்பேன். கண் பாதி மூடியிருக்கும். கடல் இரைச்சலுக்குள்ளிருந்து லொறியின் சத்தம் மெதுவாகப் பிரிந்து வரும். கனவிலே வருகிறதா, தெருவிலே வருகிறதா என்று தெரியாது. தேத்தண்ணிக் கேத்தில் அடுப்பில் ஏறுவதற்கும் லொறி வாசலில் திரும்புவதற்கும் சரியாக இருக்கும். நெல்தூசி மஞ்சள் வெயிலில் மிதக்கும். அவர் உடனே இறங்கமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெண்டாட்டி தேத்தண்ணியோடு நிற்கிறேன், மனுஷன் இரும்போடு சிரிக்கிறார்!

போன மாதம் அந்த எஞ்சின் இரும்பில் இரும்பு அடிப்பதுபோலத் தட்டத் தொடங்கியது. மெக்கானிக் ஜவுபர் வந்து பார்த்தான்.

"காக்கா, ஒண்டு இதக் கழட்டி, சிலிண்டரப் போர் அடிச்சு, பிஸ்டன் மாத்தணும். இல்லாட்டி வேற எஞ்சின் போடணும். இப்ப தடிச்ச ஒயில் ஊத்திரிக்கன். ஒரு கிழமை ஓட்டிப் பாருங்க. சத்தம் குறைஞ்சா பழசையே செய்வம். கூடினா மாத்தத்தான் வேணும்."

மகள் ஆதிலாவின் மாப்பிள்ளை சப்ரி, அவனும் இந்த வீட்டுக்கு வந்தவன்தான், "மாத்திருவம் மாமா" என்றான். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து தினமும், "குறைஞ்சிட்டு ஜெனூபா, நல்லாக் குறைஞ்சிட்டு" என்ற பாட்டுத்தான். எனக்கென்றால் தட்டல் தெருமுனையிலேயே கேட்டது.

"பொய் செல்லாதீங்க" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். எருமை மாட்டில் மழை பெய்த மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு போனார். பழைய எஞ்சினைக் காப்பாற்றப் புளுகுகிறார், ஜவுபர் வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று காத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஜவுபர் வந்து ஸ்டார்ட் பண்ணினான். முருங்கையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. அடுத்த வீட்டுப் பிள்ளை வீரிட்டு அழுதது. இவர் தென்னையடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் செல்லல்லியா ஜவுபர்? ஒரு தட்டல் சத்தமும் இல்ல. சொகமாப் போயிட்டு."

பொய் சொன்னால் இவருக்கு இடது கண் சுருங்கும். அது சுருங்கவில்லை. நோயில் கிடந்த பிள்ளை எழும்பி நடந்ததைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்திருந்தது. ஜவுபர் என்னைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் போய் நின்று, எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்க, வழக்கமாக ஏசும் குரலிலேயே சொன்னேன்:

"லொறிய இண்டைக்கே வித்துருவம்."

சும்மா நாளில் இதைச் சொன்னால் வீடு இரண்டுபடும். அவர் திரும்பவேயில்லை.

முன்னால் போய் அவர் முகத்தைப் பிடித்தேன். "ஒங்களுக்குக் காது கேக்கல்லியா?"

என் உதட்டையே பார்த்தார். "ஒண்டர வருஷமாச் சரியாக் கேக்கல்ல. நீ வாயசைக்கிறதப் பாத்துத்தான் கதைக்கிறன். லொறிட சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருந்திச்சு. இந்தக் கிழமை தட்டல் கேக்கல்ல. ஒயில் வேல செஞ்சிட்டெண்டு நெனச்சன்."

என்ட அல்லாஹ்! ஒன்றரை வருடமாக அந்த முதுகோடா சண்டை பிடித்தேன்? எனக்கு அழுகை வந்துவிட்டது, ஜவுபர் நிற்கிறானே என்றும் பார்க்கவில்லை.

ஜவுபர் எஞ்சினை நிறுத்தினான். கடல் மட்டும் கேட்டது. இவர் பொனட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிண்டிட்டா, ஜெனூபா?"

ஓம் என்று தலையாட்டினேன். அவர் ஜவுபர் பக்கம் திரும்பினார்.

"வேற எஞ்சினே போடு தம்பி. தெருவெல்லாம் பள்ளிக்கூடப் புள்ளைகள், மோட்டச்சைக்கிள். ஹோன் கேக்காதவன் லொறி ஓடப்படாது. சப்ரி ஓட்டட்டும்."

ஜவுபரிடமிருந்து சாவியை வாங்கி என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவருக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்:

"எனக்கு வேணா. ஒங்கட லொறி. நீங்களே சப்ரிக்கு ஓடக் குடுங்க."