கொத்தனாரின் சொந்தக் கடிதம்

கொத்தனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதோடு சரி. பட்டாளத்துக்கு வருமுன் சுவர் எழுப்பிப் பிழைத்தவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. போர்முனைக்கு வந்தபின் வீட்டுக்குக் கடிதம் போட ரேடியோக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். அவருக்குப் புலவர் என்று பட்டப்பெயர். கேட்டவர்களுக்கெல்லாம் எழுதித் தருவார். ஆனால் மனுஷனிடம் சரக்கு ஒன்றுதான். கொத்தனாருக்கு எழுதியதையே அவன் தெருக்காரனான டிரைவருக்கும் வரி மாறாமல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு மனைவிகளும் குழாயடியில் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? ஆகிவிட்டது. கொத்தனாரின் மனைவியிடமிருந்து வந்த பதிலைப் புலவரே உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று.

“‘உன் சிரிப்பு என் கண்ணுக்குள்ளேயே நிக்குது’ன்னு எதிர்வீட்டுக்காரிக்கும் வந்திருக்கு. தெருவே சிரிக்குது. இனிமே உங்க கையால எழுதுங்க. வேற ஆள் எழுதினது வந்தா பிரிக்கக்கூட மாட்டேன்.”

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான். கொத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னால் சொன்னதுதான். பத்து நாளில் படை முன்னேறப் போகிறது. அப்புறம் யார் மிஞ்சுவார்களோ தெரியாது. அவள் கோபத்தோடு இருக்கும்போது செத்துப்போவதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

“அண்ணே, எழுத்தைச் சொல்லிக்குடுங்க. வார்த்தை என்னோடது.”

“பத்து நாள்லயா? விளையாடுறியா?”

“ஒரு வாரத்துல மாடியே எழுப்பியிருக்கேன்ணே.”

ரேஷன் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் எழுதிப் பழகினான். காவல் முடிந்து வந்தால் எழுத்து. குண்டு விழுந்து மண் கொட்டினால் தட்டிவிட்டு மறுபடியும் எழுத்து. செங்கல் தூக்கிக் காய்த்துப்போன விரல்களுக்குள் நான்கு பென்சில் முறிந்தன. விடவில்லை அவன்.

ஒன்பதாம் நாள் காலை, தபால் வண்டி கிளம்புவதற்குள் எழுதி முடித்தான். புலவர் வாங்கிப் படித்தார்.

“அடுப்படிச் சுவரை அவசரத்துல கட்டிட்டேன். பூச்சுக்கு உள்ளே விரிசல் இருக்கு. உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. பாப்பாவை அந்தப் பக்கம் படுக்க வைக்காதே. இங்கே எனக்குப் பயமா இருக்கு. வந்து இடிச்சுக் கட்டுறேன்.”

“ஏன்டா, பொண்டாட்டிக்கு எழுதுற கடுதாசியா இது? பயம்கிறதையாவது அடிச்சிடு.”

“மாட்டேன்ணே. இதை எதிர்வீட்டுக்காரிக்கு யாரும் எழுத முடியாதுல்ல?”

படை முன்னேறியது. டிரைவர் காலில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். மூன்று வாரம் தபாலே இல்லை. கொத்தனார் புது இடத்தில் பதுங்குகுழி தோண்டிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. படித்துச் சொல்லப் புலவர் வழக்கம்போல் கையை நீட்டினார். கொத்தனார் கொடுக்கவில்லை. மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, எழுத்துக் கூட்டி, உதடு அசைய அரை மணி நேரம் படித்தான்.

“பாப்பாவை ஜன்னல் பக்கம் படுக்க வச்சிட்டேன். உங்க பழைய மேஸ்திரி வந்து, தானே இடிச்சுக் கட்டித் தரேன்னார். வேண்டாம்னுட்டேன். அந்தச் சுவர்ல வேற ஆள் கை வைக்கக் கூடாது. நீங்க வந்து இடிங்க. அதுவரைக்கும் அது விழாம நான் பாத்துக்கிறேன்.”