கல்யாணத் தேதியும் வண்டித் தேதியும்

1. செல்வியின் போன்

போனில் அந்தப் பெண் அழுதுகொண்டே பேசினாள்.

"மேடம், என் பேரு செல்வி. உத்திரமேரூர் பஜார்ல பாத்திர வாடகைக் கடை. நீங்க கடைங்களுக்கு நெட்வொர்க்கு எல்லாம் போட்டுத் தருவீங்களாமே. எங்க கடை கம்ப்யூட்டரு எங்க மானத்தையே வாங்கிடுச்சு மேடம். ஒரு தபா வந்து பாக்குறீங்களா?"

கம்ப்யூட்டர் யார் மானத்தையும் வாங்காது, அதைத் தட்டுகிறவர்கள்தான் வாங்குவார்கள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அழுகிறவளிடம் போய் அதைக் காட்டுவானேன் என்று ஸ்கூட்டியை எடுத்தேன்.

பந்தல், பாத்திரம், நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை அது. ஆரம்பித்தவர் செல்வியின் மாமனார். ஊரே அவரை நைனா என்று கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். செல்வியின் கணவனுக்குப் பந்தல் போடுவதும் வண்டி ஓட்டுவதும்தான் பிடிக்கும். அதனால் கல்லாவில் உட்கார்ந்தது செல்வி. அவள்தான் சென்னையில் ஒரு கம்பெனியிடம் புக்கிங் சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டிருந்தாள். சாமான்கள் இருப்பது காவாந்தண்டலத்துக் கோடவுனில். அங்கே ஒரு கம்ப்யூட்டர், கடையில் ஒரு கம்ப்யூட்டர்.

நடந்தது இதுதான். வைகாசியில் வியாழன் ஒரு முகூர்த்தம், மறுநாள் வெள்ளி ஒரு முகூர்த்தம். பெரிய அண்டா அத்தனையையும் இரண்டு வீட்டுக்கும் தருவதாகச் சாஃப்ட்வேர் பதிந்துகொண்டது. வியாழக்கிழமைக் கல்யாணத்தில் அண்டா அடுப்பில் ஏறியிருக்கிறது, அப்போது வெள்ளிக்கிழமைக்காரர்கள் புள்ளலூரிலிருந்து போன் மேல் போன் போடுகிறார்கள். அக்கம்பக்கத்தில் கிடைத்த குண்டான்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதம் வடித்துப் போட்டார்களாம். ரிசப்ஷனுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சாப்பிடாமலே போய்விட்டார்கள். பெண்ணின் அப்பா முன்னால் நைனா கைகூப்பி நின்றிருக்கிறார்.

அந்த வேகம் அவருக்கு இன்னும் தணியவில்லை.

"இத பாரும்மா. இத்தினி வருசமா வாயாலயே கடை நடத்திக்கினு இருந்தேன். ஒரு கண்ணாலத்துல கூட இப்டி தலை குனிஞ்சது இல்ல. ஆவணி வரிக்கும் பாக்கறேன். இன்னொரு கண்ணாலத்துல பேஜார் ஆச்சு, கடைய சின்னவன் கைல குடுத்துட்டு நான் பாட்டுக்கு வூட்ல குந்திக்குவேன்."

சின்னவன் என்பது செல்வியின் கொழுந்தன். ஒரகடத்தில் கம்பெனி வேலை. அவனுக்குக் கடை மேல் ஆசையே இல்லை, கோடவுன் இடத்தை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட வேண்டும் என்பதுதான் அவன் கணக்கு.

நைனா அந்தப் பக்கம் போனதும் செல்வி சொன்னாள். "கல்யாணத்துக்கு முன்னாடி நானும் கம்பெனி வேன் ஏறிக்கினு இருந்தவதான் மேடம். நின்னுக்கினே வேலை. இங்க வந்துதான் ஒரு சேர்ல குந்தி, நானா யோசிச்சு ஒரு வேலை பண்றேன். கடை போச்சுன்னா திரும்ப அந்த வேன்தான்."

2. ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்தது

நான் எந்தக் கடைக்கும் போன உடனே ரவுட்டர், ஸ்விட்ச் என்று எஸ்டிமேட் எழுத மாட்டேன். ஒரு நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். நைனாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"இன்னாம்மா, வந்ததுலேந்து சும்மாவே குந்திக்கினு கீற. நாஷ்டாவாச்சும் துன்னியா?"

"துன்னாச்சு நைனா. இதான் என் வேலை."

"நல்ல வேலையா கீதே!"

மத்தியானம் ஒரு புருஷன் பெண்ஜாதி வந்தார்கள். மகனுக்குக் கல்யாணம்.

"கண்ணாலம் என்னிக்கு?" என்றாள் செல்வி.

"வர்ற புதங்கெழமம்மா."

செல்வி கம்ப்யூட்டரில் புதன்கிழமைத் தேதியைத் தட்டினாள். அவர்கள் போனதும் கோடவுனைப் பார்த்துக்கொள்கிற தேவதாஸுக்குப் போன் போட்டாள். "அண்ணே, செவ்வாக்கெழம மத்தியானம் ரெண்டு லோடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செல்வி, நீ புதன்னுதானே தட்டினே? செவ்வாய்க்கிழமை எதுக்கு லோடு?"

"முந்தின நாளு ரிசப்ஷன் ஆச்சே மேடம். சமையல்காரரு மத்தியானமே அடுப்பு பத்தவெச்சுடுவாரு."

"அண்டா திரும்ப எப்போ வரும்?"

"கண்ணாலம் முடிஞ்சு, எல்லாம் கழுவி, மறுநாளு காலைல."

"இதைச் சாஃப்ட்வேர்காரங்க கிட்ட சொன்னியா?"

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதப் போய் யாராவது சொல்லுவாங்களா மேடம்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

அடிப்பாவி! விஷயம் அதுதான். புதன்கிழமைக் கல்யாணம் என்றால் செவ்வாய் மத்தியானம் முதல் வியாழன் காலை வரை அண்டா அவர்கள் வீட்டில். சாஃப்ட்வேரில் இருந்தது ஒரே ஒரு தேதிக் கட்டம். அது புதனை மட்டும் பூட்டிவிட்டு வியாழனைக் காலி என்று காட்டும். வியாழக்கிழமைக் கல்யாணத்துக்கு யாராவது வந்தால் அதே அண்டாவை அவர்களுக்கும் எழுதிக்கொள்ளும். அந்த வைகாசி வரை அடுத்தடுத்த நாளில் முகூர்த்தம் வராததால் யார் கண்ணிலும் படவில்லை.

சென்னைக்காரர்களுக்குப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான். "மேடம், டேட் ஃபீல்டு ஒண்ணுதான் இருக்கு. அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாம்."

"தம்பி, உன் கல்யாணச் சாப்பாட்டை அடுத்த வெர்ஷன்ல போட்டாப் போதுமா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் இன்னொன்றும் கிடைத்தது. கடை சாத்தும் நேரம் நைனா வாசலில் கற்பூரம் கொளுத்திச் சுற்றினார், கும்பிட்டார், உள்ளே போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். மொத்தமும் இருட்டு. சென்னைக் கம்பெனிக்காரர்கள் சர்வராக வைத்திருந்தது கடையில் உள்ள கம்ப்யூட்டரைத்தான். அது செத்ததும் கோடவுன் கம்ப்யூட்டருக்குக் கண்ணும் இல்லை காதும் இல்லை. சாமான் திரும்பி வருவதோ விடியற்காலையில், கடை திறப்பதற்கு முன்னால். எது வந்தது, எது வரவில்லை என்று தேவதாஸால் பதியவே முடியாது.

"நைனா, மெயினை அணைக்காம விடலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கடை பத்திக்கினா உன் கம்ப்யூட்டரு வந்து அணைக்குமா?"

அதுவும் சரிதான். உத்திரமேரூரில் எந்தக் கடைக்காரர் மெயினை அணைக்காமல் வீட்டுக்குப் போவார்? மாற வேண்டியது நைனா இல்லை, என் பிளான்தான் என்று முடிவு செய்தேன். சர்வரே கடையில் வேண்டாம். டேட்டா கிளவுடில் இருக்கட்டும், கடை நிம்மதியாகத் தூங்கட்டும்.

3. ஆடியில் வேலை

ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் வேலையை அந்த மாதத்தில் வைத்துக்கொண்டோம். வாடகைத் தொழிலுக்கென்றே செய்த வேறொரு சாஃப்ட்வேரைத் தேடிப் பிடித்தேன். அதில் தமிழில் "வண்டி போற நாள்", "வண்டி வர்ற நாள்" என்று இரண்டு கட்டம் வைக்கச் சொன்னேன். அண்டாவைப் பூட்டுவது அந்த இரண்டும்தான். கல்யாணத் தேதி ரசீதில் அச்சடிக்க மட்டும்.

கடைக்கு ஃபைபர் லைன், அது போனால் தானாக மாறிக்கொள்கிற சிம் ரவுட்டர், ஒரு யுபிஎஸ். கடைப் பக்கம் சுலபமாக முடிந்தது. கோடவுன்தான் படுத்தியது. அங்கே ஃபைபர் வராது, சிம் ரவுட்டர்தான், சுற்றிலும் தகரம். தேவதாஸ் தன் போனை நீட்டினார்.

"உள்ள வந்தா டவரே இல்ல மேடம். மாமரத்தாண்ட போனா நல்லா கீது. மரத்துலயே கம்ப்யூட்டர கட்டிடுறீங்களா?"

மரம் வேண்டாம், ரவுட்டரின் ஆன்டெனாவைக் கூரைக்கு மேலே தூக்க ஒரு உயரமான கம்பம் போதும் என்றேன். பந்தல் போடுகிறவர்களிடம் கம்பத்துக்கா பஞ்சம்? செல்வியின் கணவன் ஒரு கழியை நட்டு, பந்தல் முடிச்சுப் போட்டு இறுக்கிக் கொடுத்தான். அப்புறம் அடித்த காற்று மழைக்கெல்லாம் அது அசையவே இல்லை. என் கிளாம்பு கூட அப்படி நின்றதில்லை.

அம்மன் கோயில் கூழ்தான் எங்களுக்கு டெஸ்டிங். ஞாயிறு கூழ் வார்க்க அண்டா சனிக்கிழமையே போக வேண்டும். சனிக்கிழமைக்கு வேறொருவர் அதே அண்டாவைக் கேட்டபோது திரையில் சிவப்பு வந்தது. செல்வி சந்தோஷத்தில் கத்திய கத்தலில், கேட்டு வந்தவர் பயந்துவிட்டார்.

4. ஆவணி

ஆவணியில் மறுபடி அடுத்தடுத்து இரண்டு முகூர்த்தம். அதற்கு முந்தின வாரம் யுபிஎஸ் பார்க்கக் கடைக்குப் போயிருந்தேன். காவாந்தண்டலத்தில் நிறைய நிலம் வைத்திருக்கிற ஒரு பெரியவர் வந்தார். நைனாவுக்குச் சின்ன வயது முதல் சிநேகிதர். இரண்டாம் முகூர்த்தத்தில் அவர் பேத்திக்குக் கல்யாணம். தெருவில் பார்த்தபோது நைனாவிடம் வாயால் சொல்லியிருக்கிறார், நைனாவும் தலையாட்டியிருக்கிறார்.

செல்வி தட்டிப் பார்த்தாள். சிவப்பு.

"பெரிய அண்டா எல்லாம் மொத நாளு கண்ணாலத்துக்கு அஞ்சலை அக்கா சொல்லி வெச்சுட்டாங்க. அது திரும்பி வர்றதுக்குள்ள உங்களுக்கு வண்டி போவணும், பெரியப்பா."

அஞ்சலை அதே ஊரில் கூலி வேலைக்குப் போகிறவள். நடவுக்கு இவர் நிலத்திலேயே இறங்கியிருப்பாள். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அவ வூட்டுக் கண்ணாலத்துக்கு எதுக்கு அம்மாம்பெரிய அண்டா? ரெண்டு குண்டான குடுத்து அனுப்பு. இன்னாப்பா, நீ சொல்லு உன் மருமவளுக்கு."

எல்லோரும் நைனாவைப் பார்த்தோம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் செல்வி அந்தப் பதிவை அழித்துத்தான் ஆக வேண்டும். அப்புறம் எதற்கு இந்தச் சாஃப்ட்வேர், எதற்கு நெட்வொர்க், எதற்கு இவள் அந்த நாற்காலியில்?

நைனா கேட்டார். "யாரு மொதல்ல சொன்னது?"

"அஞ்சலை அக்காதான் மாமா. ஆடிலயே வந்துட்டாங்க."

அவர் சிநேகிதர் பக்கம் திரும்பினார். "என்ன கேக்காதப்பா. கடைய பாத்துக்கிறது அவ. அவளையே கேளு."

செல்வி சொல்லிவிட்டாள். "அஞ்சலை அக்காவோடத எடுக்க முடியாது பெரியப்பா. உங்களுக்குக் காஞ்சிபுரத்துல வேற கடைலேந்து அண்டா வரவெச்சு, நேரத்துக்கு வூட்டாண்ட எறக்குறேன். அது என் பொறுப்பு."

பெரியவர் முணுமுணுத்தார், எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். கடைசியில், "சேரு நல்லதா போடும்மா, கால் ஒடஞ்சத அனுப்பாத" என்றார். அவர் தலை மறைந்ததும் செல்வி பொலபொலவென்று அழுதாள். "இன்னாத்துக்கு அழுவுற? காஞ்சிபுரத்துக்குப் போன போடு" என்று அதட்டினார் நைனா.

முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ரோட்டில் பள்ளம் தோண்டியவர்கள் ஃபைபரை அறுத்துவிட்டார்கள். சிம் ரவுட்டர் எடுத்துக்கொண்டது, கடையில் யாருக்கும் தெரியக்கூட இல்லை. இரண்டு கல்யாணத்திலும் பந்தி நேரத்துக்கு நடந்தது. அஞ்சலை வீட்டில் நானும் சாப்பிட்டேன், சாம்பார் அருமை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் வாடிக்கையாளர் பொய் சொல்ல மாட்டார், ஆனால் ஊருக்கே தெரிந்ததை உங்களிடம் சொல்லவும் மாட்டார். கேட்டாலும் வராது. உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் ரவுட்டர் வாங்கலாம்.

போன வாரம் செல்வி கூப்பிட்டாள். நைனா பேருக்கு ஒரு லாகின் வேண்டுமாம்.

"போட்டுடலாம். எல்லாத்தையும் மாத்தற மாதிரியா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம், பாக்கறதுக்கு மட்டும் போதும். மாத்தறது எல்லாம் எங்கிட்டயே இருக்கட்டும்னு மாமாவே சொல்லிட்டாரு."