இடப்பக்கத்து இரத்தக்குழாய்

இன்றிலிருந்து கல்முனைச் சந்தையில் எனக்கு முகமில்லை.

மருத்துவக் கல்லூரி விடுமுறையில் வந்தவன், இறைச்சிக்கடை காசிம் காக்கா வெட்டிவைத்த மாட்டிதயத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதன் பின்பக்கத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாய் வலமிருந்து வரவேண்டும், இடமிருந்து வந்தது.

“நோய் புடிச்ச மாடு, வாங்காதீங்க!” என்று கத்தினேன். நின்ற சனம் அத்தனையும் போய்விட்டது.

வீட்டில் புத்தகத்தைப் புரட்டினேன். மனிதரிலேயே சிலருக்கு இடமிருந்துதான் வருமாம்; மாட்டுக்கோ வழமையே அதுதானாம். நோயே இல்லையாம்.

திரும்பி ஓடினேன். இறைச்சி அப்படியே தொங்கியது.

“பிழை என்னிலதான் காக்கா,” என்றேன் மெதுவாக.

“ஓம் டொக்டர். முந்திக் கத்தினமாதிரி இதையும் கத்திச் சொல்லுங்களன்,” என்றார்.

சந்தையில் கேட்க ஒருவருமில்லை. அதனால் இங்கே எழுத்தில் கத்துகிறேன்: மாடு சுகமாகத்தான் இருந்தது. வைத்தியம் யாருக்குத் தேவை, நீங்களே சொல்லுங்கள்.